கடல் கடந்த பட்டங்கள்



அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினரில் வயது வந்தோரை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பட்டதாரிகள். அந்நாட்டு மக்கள்தொகை முழுவதையும் எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒருவர்தான் பட்டதாரி. இந்தியரில் முதுகலையும் அதற்கு மேலும் படித்தவர்கள் மட்டுமே ஐந்தில் இரண்டு பங்குக்கு வருவார்கள். இந்தக் கணக்கைச் சொல்லும்போது நம் ஊடகங்களின் குரலில் ஒரு பெருமிதம் ஏறிவிடுகிறது. இந்திய மூளை, இந்தியக் குடும்பத்தின் வளர்ப்பு, உழைப்பு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. யாரைக் கப்பலேற்றினார்கள், யாரை விமானமேற்றினார்கள் என்ற வரலாற்றிலிருந்து பார்த்தால் அந்தக் கணக்குக்கு வேறு விளக்கம் கிடைக்கிறது.

நம் மக்கள் கடல் கடந்தது 1965க்குப் பிறகு தொடங்கிய கதை இல்லை. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். அந்தக் கப்பல் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா, உடலில் உள்ள அடையாளங்கள் என்று அவற்றில் விவரங்கள் உண்டு. சாதியைக் கேட்டு எழுதியவர்கள் படிப்பைக் கேட்டு எழுதவில்லை. தோட்ட முதலாளிக்கு வேண்டியிருந்தது உடல். பறையர் என்று பதியப்பட்டவர்களும் வேறு பல உழைக்கும் சாதிகளைச் சேர்ந்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி முறையில் போனவர்களின் கதையும் இதுவே. வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் கணினிப் பொறியாளரே நினைவுக்கு வருமளவுக்கு இவர்கள் மறக்கப்பட்டிருக்கிறார்கள்.

இந்தக் கூலிகளின் உலகத்துக்கு எழுத்தறிவோடு போய்ச் சேர்ந்த ஒருவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். எழுதப் படிக்கத் தெரியாத கூலியின் வாக்குமூலத்தை நீதிபதியிடம் சேர்ப்பது அந்த வேலை. திரும்பி வந்தவர் பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு நம் தரப்பைப் பேசினார். கடல் கடந்த கல்வி சமூகத்தின் வாயாக மாறுவதற்கு இது நமக்குக் கிடைக்கும் தொடக்ககால எடுத்துக்காட்டு.

அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1915இல் எம்.ஏ. முடித்தார். 1916இல் லண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி, ஒப்பந்தப்படி பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். அங்கே அவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கியிருந்தவரைப் பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. அடுத்த ஆண்டு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோது, ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்குச் சக ஆசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பட்டம் அவருக்கு வேலையை வாங்கித் தந்தது. ஒரு குவளைத் தண்ணீரை வாங்கித் தர அதனால் முடியவில்லை.

அப்படியும் அவர் பட்டத்தை வெறுக்கவில்லை. சேமித்த சம்பளத்தோடும் கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடும் 1920இல் மீண்டும் லண்டன் போனார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி., இடையில் பாரிஸ்டர், 1927இல் கொலம்பியாவின் முனைவர் பட்டம். தனி மனித முன்னேற்றம்தான் நோக்கம் என்றால் முதல் பட்டமே போதுமானதாக இருந்திருக்கும். உயர்கல்வியை அவர் கணித்த விதம் வேறு. 1942இல் வைஸ்ராயிடம் அளித்த மனுவில், பட்டியல் சாதி மாணவர்களின் பல்கலைக்கழகப் படிப்புக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். தொடக்கப் பள்ளி தேவைதான். ஆனால் முடிவெடுக்கும் நாற்காலிகளுக்கு உயர்கல்வி வழியாகத்தான் போக முடியும், அந்த நாற்காலிகளில் நம்மவர் இல்லாதவரை சட்டம் காகிதத்தில் தூங்கும் என்பது அவர் கணக்கு. சுதந்திரத்துக்குப் பின் 1954–55இல் தொடங்கிய தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையை இந்தக் கோரிக்கையின் தொடர்ச்சியாகவே பார்க்க வேண்டும்.

இதே காலத்தில் இன்னொரு வாசல் திறந்தது. 1917 முதல் ஆசியர்களைத் தடுத்து வைத்திருந்த அமெரிக்கா, 1946இல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று இடம் கொடுத்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஒதுக்கீட்டு முறையை நீக்கி, தொழில்திறன் உடையவர்களுக்கு முன்னுரிமை தந்தது. அந்த வாசலில் முதலில் போய் நின்றவர்கள் மருத்துவர்கள், பொறியாளர்கள், விஞ்ஞானிகள். அவர்களில் பலரை இந்திய அரசு மக்கள் வரிப்பணத்தில் படிக்க வைத்திருந்தது. சென்னை ஐ.ஐ.டி. 1959இல் தொடங்கப்பட்டது. ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு வந்தது 1973இல். ஆக, அமெரிக்க வாசல் திறந்த முதல் ஆண்டுகளில் அங்கிருந்து வெளியேறிய அணி எந்தச் சமூகங்களைச் சேர்ந்ததாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

முதலில் சாதி, யார் படிக்கலாம் என்று வடிகட்டியது. பிறகு நுழைவுத் தேர்வு வடிகட்டியது. கடைசியில் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் வடிகட்டியது. மூன்று சல்லடைகளில் தேறியவர்களின் கல்வித் தகுதி உயர்ந்திருப்பதில் வியப்பில்லை. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வொன்று அமெரிக்க இந்தியரில் தலித்துகளும் அவர்களை ஒத்த கீழ்நிலையில் வைக்கப்பட்ட சாதியினரும் ஒன்றரை விழுக்காடு மட்டுமே என்று கண்டது. ‘தகுதி’ என்று கொண்டாடப்படுவதற்குள் இந்த எண்ணும் அடங்கியிருக்கிறது.

இன்றைக்கும் சல்லடை ஓயவில்லை. எச்-1பி விசாவில் ஆண்டுக்கு 65,000 இடங்கள். அமெரிக்காவில் முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்குத் தனியாக 20,000. முதுகலை என்பது அறிவுத் தேட்டமாக இருந்தது போய் நுழைவுச்சீட்டாகியிருக்கிறது. அந்தச் சீட்டை வாங்கக் கடன் வேண்டும். வங்கியின் கல்விக் கடன் 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பொதுவாகச் சொத்துப் பிணையம் கேட்பார்கள். நிலமற்ற குடும்பம் எதை அடகு வைக்கும்? மறுமுனையில், பத்தாம் வகுப்பு தேறாதவரின் கடவுச்சீட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்குத் தனி அனுமதி வேண்டும். கூலியைப் பாதுகாக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். நோக்கம் அதுவாகவே இருக்கட்டும். படிப்பு மறுக்கப்பட்ட வரலாறு கடவுச்சீட்டு வரைக்கும் கூடவே வருகிறது என்பதை அது மாற்றவில்லை.

இப்படிப்பட்ட நிலையில் நம் பிள்ளைகளுக்கு இருந்த சிறு கதவு அந்த அரசு உதவித்தொகை. 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் 20 கோடிப் பேர். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. அதில் பட்டியல் சாதியினருக்கு 115. எண்ணிக்கை போதாது என்பது பழைய குறை. அதே விதிகள் புதிதாக இன்னொன்றையும் சேர்த்தன. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய பொருள்களில் வெளிநாடு போய்ப் படிக்க இந்தத் தொகை கிடையாது. இவற்றை இந்தியாவிலேயே படிக்கலாமே என்பது தரப்படும் விளக்கம்.

1916 மே மாதம் கொலம்பியாவில், மானுடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், இருபத்தைந்து வயது அம்பேத்கர் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசித்தார். சாதியின் தோற்றத்தையும் இயக்கத்தையும் அகமண முறையிலிருந்து விளக்கிய கட்டுரை அது. இன்றைய விதியின்படி அந்தப் பொருளை எழுதி விண்ணப்பித்தால் மனு தள்ளுபடியாகும். பரோடா மன்னர் அன்று அனுமதித்ததைக் குடியரசு இன்று அனுமதிக்கவில்லை.

பொறியியலும் மருத்துவமும் படிக்க நம் பிள்ளைகள் போகட்டும். அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் தன்னை ஒடுக்கும் அமைப்பை ஆராயும் உரிமையை மட்டும் கழித்துக்கொண்டு தரப்படும் பட்டம் பாதிப் பட்டம். 2023இல் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். சாதி கடல் கடந்து அயல்நாட்டுச் சட்டமன்றங்கள் வரை போய்விட்டது. சாதி பற்றிய ஆய்வு மட்டும் உள்ளூரிலேயே தங்க வேண்டும் என்பதில் என்ன நியாயம்? அந்த மன்றங்களில் சான்றுகளோடு பேச நம்மிடம் ஆய்வாளர்கள் வேண்டாமா?

எனவே இந்த அவை மூன்று கோரிக்கைகளைக் கையிலெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உதவித்தொகையின் எண்ணிக்கை மக்கள்தொகைக்கு ஏற்ப உயர வேண்டும். ஆய்வுப் பொருள் மீதான விலக்கு நீங்க வேண்டும். மாநில அரசுகளின் அயலகக் கல்வித் திட்டங்களில் அப்படியொரு விலக்கு நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூலியாகப் போனவரிடம் படிப்பைக் கேட்கவில்லை. மாணவராகப் போகிறவரிடம் எதைப் படிக்கக் கூடாது என்று சொல்கிறார்கள். இதற்கு நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

ஜெய் பீம்.