எசன்ஸ் யாருடையது, லாரி யாருடையது?

கோக்கும் பொவன்டோவும் நிறத்தில் ஒன்றுதான். விருத்தாசலத்துக் கடையொன்றில் இரண்டையும் அருகருகே வாங்கிவிடலாம். அவற்றை விற்று லாபம் பார்க்கும் முறைதான் வேறு.

கோகோ-கோலா 1899இலேயே அமெரிக்காவின் பெரும்பகுதிக்குப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. எசன்ஸும் பெயரும் கம்பெனிக்கு. தண்ணீர், பாட்டில், லாரி எல்லாம் பாட்டிலிங் செய்பவருக்கு. இந்தியாவில் சொந்தமாக வைத்திருந்த பாட்டிலிங் கம்பெனியிலும் 40 விழுக்காட்டை ஜூபிலண்ட் பார்தியா குழுமத்துக்கு விற்க 2024 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. பெப்சியும் 2019இல் தென்னிந்தியப் பாட்டிலிங்கை வருண் பெவரேஜஸிடம் ஒப்படைத்தது.

பொவன்டோவைத் தயாரிக்கும் காளிமார்க் எதிர்வழி. 1916இல் விருதுநகரில் பழனியப்பன் தொடங்கிய இந்தக் குடும்பத் தொழிலில் கலவையும் ஆலையும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. எசன்ஸுக்காக வெளியாருக்குக் கப்பம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் 2017 மார்ச்சில் வணிகர் சங்கங்கள் கோக், பெப்சியைப் புறக்கணித்ததுபோல் திடீரென்று சந்தை திறந்தால், கூடுதல் ஆலைக்கும் வண்டிக்கும் சொந்தப் பணத்தைத்தான் இறக்க வேண்டும்.

எது லாபம்? கோக்கின் கணக்கே ஒரு சோதனை. 2010இல் அது வட அமெரிக்கப் பாட்டிலிங்கைத் திரும்ப வாங்கியது. 2012இல் வருவாய் 4,800 கோடி டாலர். மொத்த லாப விகிதம் சுமார் 60 விழுக்காடு. ஆலைகளை மறுபடி கைமாற்றிய பின் 2017இல் வருவாய் 3,540 கோடியாக இறங்கியது; விகிதம் 62 விழுக்காட்டைத் தாண்டியது. விகிதம் ஏறினாலும் செயல்பாட்டு லாபம் சுமார் 1,080 கோடியிலிருந்து 750 கோடிக்கு வந்தது. டாலர் வலுத்ததும் மறுசீரமைப்புச் செலவும் இதில் சேர்த்தி. ஆக, பாட்டிலிங்கை உதறினால் நூற்றுக்கு நிற்கும் காசு கூடும். கல்லாவில் சேரும் தொகை கூடும் என்பதற்கு உறுதியில்லை.

பாட்டிலிங் ஆலையின் இயல்பு விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். சூளை பாதி காலியாக இருந்தாலும் எரிபொருள் முழுதாகத்தான் எரியும். கோடையில் நிற்காமல் ஓடி, ஐப்பசி மழையில் படுத்துவிடும் ஆலைக்கும் வட்டியும் தேய்மானமும் பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு. கோக் இந்தச் சுமையை அடுத்தவர் தலைக்கு மாற்றுகிறது. காளிமார்க் தானே சுமக்கிறது.

அதற்காகக் காளிமார்க் செய்வது தவறு என்றாகாது. உலகமெல்லாம் கேட்டு வாங்கும் பெயர் இருந்தால்தான் எசன்ஸை மட்டும் விற்று, ஆலை போட ஆள் பிடிக்க முடியும். ஒரு மாநிலத்துப் பெயருக்குத் தரத்தையும் விலையையும் கையில் வைத்துக்கொள்ளச் சொந்த ஆலையே காவல். பாட்டில் எடை மிகுந்த சரக்கு. தூரம் கூடக் கூட லாபத்தை லாரி வாடகை தின்னும். பழகிய வட்டாரத்துக்குள் ஆலையோடு விற்பதும், அதைத் தாண்டினால் எசன்ஸை மட்டும் அனுப்பி அந்தந்த ஊரில் பாட்டிலில் அடைக்க ஆள் தேடுவதுமே காளிமார்க்குக்குக் கட்டுப்படியாகும் வழி.