கரும்பூஞ்சை இனங்காணல்

உயிருள்ள இலையின் மேற்பரப்பில் படர்ந்து, அதன் தோலறைகளுக்குள் உறிஞ்சுறுப்புகளை இறக்கி உணவெடுக்கும் ஒட்டுண்ணிப் பூஞ்சை கரும்பூஞ்சை. மெலியோலேல்ஸ் வரிசைப் பூஞ்சைகள் இவற்றுள் முதன்மையானவை. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, மாந்தோப்புகளில் கறுத்துத் தெரியும் இலையெல்லாம் கரும்பூஞ்சை பிடித்தது ஆகாது. தத்துப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் கரும்படலம் வேறு. ஈரத்துணியால் துடைத்தால் அது பெரும்பாலும் வந்துவிடும், பூச்சியை ஒழித்தால் மறையும். கரும்பூஞ்சையோ இலையைப் பிடித்துக்கொண்டு, வட்டவட்டமாகத் தனித்தனியே நிற்கும். இந்த வேறுபாட்டை அறிவதே இனங்காணலின் முதற்படி.

மெலியோலா என்னும் பேரினத்தை 1825இல் வகுத்தவர் சுவீடன் நாட்டு எலியாஸ் ஃபிரீஸ். அந்நூற்றாண்டில் வெப்பநாட்டு இலைகள் உலர்ந்த நிலையில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. பேராதனைத் தாவரத் தோட்டத்திலிருந்து துவெய்ட்ஸ் அனுப்பிய இலங்கைப் பூஞ்சைகளை இங்கிலாந்தில் பெர்க்லியும் புரூமும் விவரித்தார்கள். இந்தியாவில் பூசா ஆய்வு நிலையத்தின் எட்வின் பட்லர் திரட்டியவற்றை, அவருடன் சேர்ந்து பெர்லினின் சிடோ குடும்பத்தார் 1906 முதல் வெளியிட்டனர். இலை இங்கே, நுண்ணோக்கி அங்கே என்ற அந்தப் பிரிவினை பெரிய இழப்பு. செடியைப் பச்சையாகப் பார்த்தறியாதவர் அதன் மேல் வாழும் பூஞ்சைக்குப் பெயரிட வேண்டியிருந்தது.

ஏன் இழப்பு என்றால், இப்பூஞ்சைகளில் பல குறிப்பிட்ட செடிப் பேரினத்தையோ குடும்பத்தையோ விட்டு வெளியே போவதில்லை. முந்திரியில் வாழ்வது மெலியோலா அனகார்டியை. மாவில் வாழ்வது மெலியோலா மாங்கிஃபெரே. மல்லிகை இனங்களில் வாழ்வது மெலியோலா ஜாஸ்மினிகோலா. மூன்றிலும் ஓம்புயிர்ச் செடியின் பெயரே பூஞ்சைக்கும் வந்தது. செடியைத் தவறாக எழுதினால், இல்லாத புதிய இனம் ஒன்று ஏட்டில் பிறந்துவிடும். ஆகவே செடிவகை அறிந்தவரைப் பூஞ்சையியலாருக்கு இணையாகவே நான் மதிக்கிறேன்.

பெயர்கள் பெருகியபோது ஒழுங்கு தேவைப்பட்டது. பெல்ஜியத்தின் பேலி 1920இல் ஒவ்வோர் இனத்தையும் நடுவே புள்ளியிட்ட எட்டு இலக்கங்களாகச் சுருக்கினார். புள்ளிக்கு முன் வித்துத் தடுப்பு, மயிர்முள் போன்ற வடிவப் பண்புகள். புள்ளிக்குப் பின் அளவுகள். ஸ்டீவன்ஸ் 1927–28இல் இம்முறையை விரித்தார். உகாண்டாவில் பணியாற்றிய ஹான்ஸ்ஃபோர்டு 1961இல் வெளியிட்ட பெருநூல், இனங்களைச் செடிக் குடும்பவாரியாக அடுக்கியது. பூஞ்சையிழையில் மயிர்முள் இருந்தால் மெலியோலா, எந்த முள்ளும் இல்லாவிட்டால் ஆஸ்டெரிடியெல்லா, முள் கனியுடலில் மட்டும் இருந்தால் ஐரெனாப்சிஸ், கனியுடலில் புழுப்போன்ற தொங்கல்கள் இருந்தால் அப்பெண்டிகுலெல்லா. களத்திலிருந்து வந்தவருக்கு இன்றும் உதவும் பிரிவுகள் இவை.

இந்தியப் பணியில் வி. பி. ஹோசகௌடரின் பெயர் தனித்து நிற்கிறது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்திலும், பின்னர் கேரளத்தின் பாலோடு வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிலையத்திலும் பணியாற்றிய அவர், 'இந்திய மெலியோலேல்ஸ்' தொகுதிகளை 1996, 2008, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளின் இலைகள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. அவரும் கபூரும் 1985இல் எழுதிய உத்தி எளிமையானது, அழகானது. நிறமற்ற நகப்பூச்சு ஒரு சொட்டை இலையின் கறுப்பு வட்டத்தில் விட்டு, உலர்ந்ததும் உரித்தெடுத்தால், இழைகளும் ஒட்டுறுப்புகளும் முட்களும் இருந்த நிலை குலையாமல் கண்ணாடித் தகட்டுக்கு வந்துவிடும். சுரண்டி எடுத்தால் சிதைந்துபோகும் அந்த அமைப்புதான் இனத்தைச் சொல்வது. ஒட்டுறுப்புகள் எதிரெதிராக அமைந்தனவா, மாறிமாறியா. முள்ளின் நுனி நேரா, பல்லா, கிளையா. வித்தில் எத்தனை தடுப்பு என்று ஒவ்வொன்றாக அளந்து, அதே செடிக் குடும்பத்தில் அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிடுகிறார்கள். எதனோடும் பொருந்தாதபோதுதான் புதிய இனம் என்ற பேச்சு எழும்.

மரபணு ஆய்வு இங்கே தாமதமாகத்தான் வந்தது. உயிருள்ள இலையை விட்டு வளராத பூஞ்சையை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க முடியாது. இலையிலிருந்து நேரடியாக எடுத்தால் செடியின் மரபணுவும், பூஞ்சைமேல் வாழும் வேறு பூஞ்சைகளின் மரபணுவும் கலந்துவிடும். 1999இல் சயென்ஸ், டெய்லர் இருவரும் செய்த வரிசையாய்வு மெலியோலாவின் உறவுமுறையை மரபணு வழியே காட்டியது.

2013 முதல், புதிய பூஞ்சைப் பெயர் செல்லுபடியாக அங்கீகரிக்கப்பட்ட பதிவகத்தின் எண் கட்டாயம். மூலப்படிவத்தை உலர்பதனகம் ஒன்றில் சேர்க்கவும் வேண்டும். இந்தியாவில் புதுதில்லியின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திலுள்ள, பட்லர் காலத்தில் தொடங்கிய பூஞ்சை உலர்பதனகம் அத்தகையது. அங்கே அனுப்பும் உறையில் கறுத்த இலையோடு அதே செடியின் பூவோ காயோ உள்ள கிளை ஒன்றையும் வைப்பது நல்லது; செடியின் பெயரில் ஐயம் எழும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி இராது.