தாஜ்மஹால் பூவும் நம்ம ஊர் குருந்தமும்

ஆக்ராவுல ஒரு பட்டறையில, பளிங்குத் தட்டுல பதிச்சிருந்த சிவப்புப் பூவைத் தடவிப் பார்த்தேன். கல் எங்க முடியுது, பளிங்கு எங்க ஆரம்பிக்குதுன்னு நகத்துக்குக்கூடத் தெரியல. தாஜ்மஹால்லயும் இதே பர்ச்சின்காரி வேலைதான்.

சிக்கல் என்னன்னா, மோஸ் அளவுகோல்ல பளிங்கு வெறும் 3. கார்னீலியன் கிட்டத்தட்ட 7. மெத்துன்னு இருக்கிற எதையாவது வெச்சுத் தேய்ச்சா பளிங்கு குழிஞ்சிடும், பூ மேடா நிக்கும். மணலும் பத்தாது, அதுவும் 7தான். அதனால இதழ் ஒவ்வொண்ணையும் எமெரிச் சக்கரத்துல தனித்தனியாத் தேய்ச்சு வடிவத்துக்குக் கொண்டுவந்துட்டுத்தான் பதிக்கிறாங்க. கடைசியா மட்டம் பண்றதுக்குத் தட்டையான, கெட்டியான கல்.

எமெரியோட பலமே அதுல இருக்கிற கொரண்டம்; அளவுகோல்ல 9. அந்தப் பேரே நம்ம தமிழ்ச் சொல் ‘குருந்தம்’ல இருந்து போனது! 1798-ல சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல இந்தக் கல்லைப் பத்தி எழுதினார். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில இது இன்னிக்கும் கிடைக்குது. 1890-கள்ல அமெரிக்காவுல அச்செசன் செஞ்ச செயற்கைப் பொடிக்கும் ‘கார்போரண்டம்’னு இதையே ஒட்டித்தான் பேர் வெச்சார்.

இதுல எல்லாரும் மறக்கிறது தூசி. குஜராத்துல கம்பாத் ஊர்ல அகேட் தேய்க்கிறவங்களுக்கு சிலிக்கோசிஸ் வர்றது பல வருஷக் கதை. கார்னீலியனும் அதே இனக் கல்தான். நான் பார்த்த பட்டறையில சக்கரம் சுத்தின பெரியவர் வாயில ஒரு துண்டு மட்டும்தான் கட்டியிருந்தார்.