பெயரே அச்சான கதை

பட்டை வரைபடத்தில் அச்சும் லேபிளும் கடைசியில் சேர்க்கும் அலங்காரம் என்பார்கள். 1786இல் லண்டனில் வெளியான வில்லியம் பிளேஃபேரின் அட்லஸ் அப்படிச் சொல்லவில்லை. ஸ்காட்லாந்துக்கு ஓராண்டு வணிகக் கணக்கே கிடைத்ததால் காலக்கோடு வரைய அவருக்கு வழியில்லை; 17 இடங்களுடனான ஏற்றுமதி, இறக்குமதியைக் கிடைப்பட்டைகளாக்கினார். ஆண்டுகளுக்கு இயல்பான வரிசை உண்டு, நாடுகளுக்கு இல்லை. எனவே பட்டைக்கு நேரே எழுதிய பெயரே அங்கே அச்சு. பவுண்டு மதிப்புக்கு மட்டும் செங்குத்துக் கோடுகள். காலம் காட்டாத இந்தப் படத்தைத் தாழ்ந்ததாகவே அவர் கருதினார் (அநியாயம்!).

பிளேஃபேருக்கு முன்பே, 1765இலேயே ஜோசப் பிரீஸ்ட்லி ஆயுட்காலங்களைக் கோடுகளாக்கினாரே எனலாம். உண்மைதான், ஆனால் அவை ஆண்டுகளால் கட்டுண்டவை. ஆர் நிரல்மொழியில் பட்டை வரைபடம் வரையும் பார்ப்ளாட் கட்டளை இன்றும் மதிப்புக்கு அச்சுக்கோடு இடுகிறது, வகைகளுக்குப் பெயரை மட்டும் எழுதுகிறது. நீண்ட பெயர்கள் முட்டினால் சிலவற்றை விட்டும்விடுகிறது. அப்போது எழுத்தைச் செங்குத்தாக நிறுத்துவதைவிட, பட்டைகளைப் படுக்கவைத்து, எழுத்தின் திசையைத் தீர்மானிக்கும் லாஸ் அளவுருவுக்கு 1 கொடுத்துப் பெயர்களைக் கிடையாக எழுதுவதே மேல், கழுத்து தப்பும்.