ஆளத்தியும் பாட்டும்: பொதுச்சுவைஞர் செவியின் வரலாறு

இசை கேட்போரைக் கற்றோர், மற்றோர் என இரு கூறாக்கி, கற்றோர் இராக விரிவைச் சுவைப்பர், மற்றோர் தெரிந்த பாட்டையே விரும்புவர் என்று கூறும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கச்சேரியில் தனியாவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து செல்வோரும், துக்கடாப் பாடல்களுக்குத் திரும்பி வருவோரும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றனர். ஆயின், இது பொதுச்சுவைஞரின் பிறவி இயல்பா, இடையில் வந்த பழக்கமா என்பது ஆராயத்தக்கது. பாட்டெழுதும் கவிஞர் நிறைந்த நம் வட்டத்துக்கு இவ்வாராய்ச்சி புறம்பானதன்று.

பாட்டின் துணையின்றிப் பண்ணை விரித்திசைப்பதைத் தமிழ் மரபு ஆளத்தி என்றது. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் உரையில் அடியார்க்கு நல்லார் இதனைக் காட்டாளத்தி, நிறவாளத்தி, பண்ணாளத்தி என வகுத்துரைக்கின்றார். 1892-இல் உ.வே. சாமிநாதையர் அவ்வுரையைப் பதிப்பித்ததனால் இச்செய்தி நமக்குக் கிடைத்தது. அவ்வுரையாசிரியர் கொங்குநாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என மரபு கூறும். ஆகவே, ஆளத்தியின் இலக்கணம் நம் மண்ணுக்கு அயலானதன்று.

இலக்கணம் நூலில் இருக்க, அதன் பயனைத் தெருவில் நின்ற மக்களுக்கு வழங்கியது நாதசுரம். இறைவன் உலாப் புறப்படுகையில் மல்லாரி முழங்கும். அது முன்னமே அமைக்கப்பட்டது, சொல்லற்றது. அதன்பின் தெருத்தோறும் நாழிகைக் கணக்கில் இராகம் விரியும். அதற்கு நுழைவுச்சீட்டு இல்லை. கேட்போருக்கு இலக்கணப் பயிற்சியும் இல்லை. இராகத்தின் பெயரை அவர்கள் அறியாதிருக்கலாம். ஆனால் இன்ன இசை புறப்பாட்டுக்குரியது, இன்னது இரவுக்குரியது என்பதை ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டு அறிந்திருந்தனர். பெயர் அறிதல் வேறு. இசை அறிதல் வேறு. திருவாவடுதுறை டி.என். இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியைக் கேட்கத் திருவிழாத் தெருக்களில் திரண்டோர் அனைவரும் பண்டிதர் அல்லர். சொல்லே இல்லாத கற்பனை இசையைத்தான் அவர்கள் விரும்பி நின்று கேட்டனர்.

இதே உண்மையை உடுக்கைப் பாட்டிலும் காணலாம். பொன்னர், சங்கர் வரலாறான அண்ணன்மார் கதை பல இரவுகள் தொடர்ந்து பாடப்பெறுவது. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் வட்டாரத்தில் அதனை ஒலிப்பதிவு செய்து, 1982-இல் அதுபற்றிய நூலை வெளியிட்டார். கேட்கும் உழவருக்குக் கதையின் முடிவு முன்னமே தெரியும். படுகளத்தில் யார் வீழ்வர் என்பதும் தெரியும். பாடகர் இன்று எந்த இடத்தை விரிப்பார், எங்கே பாட்டை நிறுத்தி வசனத்துக்குத் தாவுவார் என்பதே தெரியாது. தெரிந்த கதைக்குள் தெரியாத இன்றைய இரவு. அதற்காகவே கூட்டம் கூடிற்று.

அவையரங்கில் நிலைமை வேறாக வளர்ந்தது. ஒரே பல்லவியை நெடுநேரம் விரித்துப் பாடுவது முற்காலப் பெரும் பாடகர்களின் ஆற்றலுக்கு அளவுகோலாக இருந்தது. நகரச் சபாக்கள் பெருகிய காலத்தில் அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967) கச்சேரிக்குப் புதிய அமைப்பை வகுத்தார். வர்ணத்தில் தொடங்கிப் பல கீர்த்தனைகளும், அளவான இராக விரிவும், இறுதியில் சிறு பாடல்களுமாக அது அமைந்தது. பலதரப்பட்ட சுவைஞர்களை ஒரே அவையில் இருத்திவைத்த சிறந்த ஏற்பாடு அது. அதே காலத்தில் பரவிய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று, நான்கு நிமிடமே ஓடிற்று. அவ்வளவுக்குள் அடங்கிய பாட்டே வீடு வந்து சேர்ந்தது. மாறாமல் மீண்டும் மீண்டும் ஒலித்தது. ஒரு பாட்டுக்கு ஒரே வடிவம்தான் என்ற எண்ணம் இங்குதான் கால்கொண்டது எனலாம்.

1941-இல் அண்ணாமலைநகரில் நடந்த மாநாடும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் கேட்டன. இராசா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்றார், கல்கி எழுத்தால் துணைநின்றார், கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் உடனிருந்தார். பொருள் விளங்காத பாட்டு நெஞ்சைத் தொடாது என்றனர் ஒரு சாரார். இசைக்கு மொழி வேண்டா என்றனர் மறு சாரார். முன்னவர் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. அதன் பயனை இன்றும் துய்க்கின்றோம். எனினும், இரு சாராரின் வழக்கும் மேடையில் பாடும் பாட்டின் மொழியையே சுற்றிச் சுழன்றது. சொல்லின்றியே இசையில் தோய்ந்த தெருச்சுவைஞரின் செவியை எவ்வாறு காப்பது என்ற வினா எழவில்லை.

திரைப்படம் வந்தபின் மாற்றம் முழுமையுற்றது. 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரமும் எஸ். ஜானகியின் குரலும் ஆபேரியில் போட்டியிடுவதை அறியாதார் இலர். எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்த அப்பாடலில் சுரங்கள் அந்த நொடியில் பிறந்தவைபோல் ஒலிக்கின்றன. ஆனால் அவை பதிவில் உறைந்துவிட்டவை. இன்று மெல்லிசை மேடையில் அதைப் பாடுவோர் ஒரு சுரமும் பிசகாமல் பாடினால்தான் கைதட்டல் கிடைக்கும். கற்பனையின் சாயலை விரும்பும் செவி, கற்பனையைப் பிழையெனக் கருதப் பழகிவிட்டது.

அப்படியாயின், பொதுச்சுவைஞருக்குக் கற்பனை இசை எப்போது இனிக்கிறது? கவிஞர்க்கு விடை எளிது. காளமேகத்திடம் ஒருவர் ஈற்றடி கொடுக்கிறார். அவையோர் அனைவரும் அதைக் கேட்கின்றனர். யாப்பிலக்கணம் அறியாதவரும், பாட்டு எங்கே வந்து முடியவேண்டும் என்பதை அறிந்துவிடுகிறார். அவ்வெல்லையை அறிந்ததனால்தான் ஆசுகவி அங்கு வந்து சேரும்போது வியந்து மகிழ்கிறார். பல்லவியின் ஓர் அடியும், நிரவலுக்கு எடுத்த வரியும், உடுக்கைப் பாட்டின் தெரிந்த கதையும், திருவிழாவில் பழகிய இராகமும் அவ்வீற்றடி போன்றவையே. இழுத்தால் விரிந்து, விட்டால் தன் அளவுக்கு மீளும் பனியன் துணியை அன்றாடம் கையாளும் ஊரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அமைத்த பாட்டும் கற்பனை இசையும் பகைவர் அல்லர். முன்னது எல்லை காட்ட, பின்னது அதற்குள் உலவுகிறது. எல்லையைக் காட்டாமல் உலவும்போதுதான் பொதுச்சுவைஞர் எழுந்து போகிறார். அது அவர் குறையன்று.

சொல்லும் கற்பனையும் சரிபாதியாய்க் கூடுமிடம் விருத்தம். பாடல் கவிஞருடையது, தாளக் கட்டின்றிப் பண்ணை விரிப்பது பாடுவோர் உரிமை. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் குரலில் விருத்தம் கேட்டு உருகிய தலைமுறை சொல்லுக்காக உருகியதா, இசைக்காக உருகியதா என்று பிரித்துக் கூற இயலுமா? சுந்தரர் பாடிய அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் நமக்கு அருகிலேயே உள்ளன. ஓதுவார் ஒருவர் அங்கு விருத்தமாகப் பாடுகையில் நின்று கேட்பாரின் எண்ணிக்கையோ குறைந்துவருகிறது. திருவிழாக்களில் நாதசுரம் ஒலிக்கும் நேரமும் சுருங்கி, ஒலிபெருக்கியின் பதிவிசை அவ்விடத்தை நிரப்புகிறது. பனியன் கம்பெனிகளில் எந்திர ஓசைக்கு நடுவே நாள் முழுதும் ஒலிப்பதும் உறைந்த பாட்டே.

பத்தாண்டு கண்ட நம் வட்டம் நூற்றுக்கணக்கான கவிதைகளை அரங்கேற்றியிருக்கிறது. இனி வரும் ஆண்டுவிழாக்களில் திரையிசையை விலக்குக என்று யான் கூறேன். நம் கவிஞர் எழுதிய ஒரு விருத்தத்தை ஓதுவார் ஒருவரிடமோ நாதசுரக் கலைஞர் ஒருவரிடமோ கொடுப்போம். பாடலை முதலில் அவையோர்க்குப் படித்துக்காட்டி, பிறகு அவரை விருப்பம்போல் விரிக்கச் சொல்வோம். தையல் வேலை முடித்து வந்து பின்வரிசையில் அமர்பவர் இடையில் எழுந்து போகிறாரா, இறுதிவரை இருக்கிறாரா என்று பார்ப்போம். அவர் இருப்பார் என்பதே இவ்வரலாறு காட்டும் நம்பிக்கை.