திருவிழாக்களில் வாகன அனுமதிச் சீட்டு: காஞ்சிபுரம் அத்தி வரதர் வைபவம் (2019) தரும் படிப்பினை

பெருந்திருவிழா நடைபெறும் ஊருக்குள் எல்லா வண்டிகளையும் விடாமல், குறிப்பிட்ட சில வண்டிகளுக்கு மட்டும் எழுத்து மூலம் அனுமதி வழங்கும் முறையே வாகன அனுமதிச் சீட்டு முறை ஆகும். மக்கள் வழக்கில் இது ‘கார் பாஸ்’ அல்லது ‘வண்டி பாஸ்’ எனப்படுகிறது. வண்டி எண், நாள், செல்ல வேண்டிய வழி, நிறுத்துமிடம் ஆகியவை சீட்டில் குறிக்கப்படுவது வழக்கம். கண்ணாடியில் ஒட்டும் சிறிய தாள்தான் என்றாலும், பல லட்சம் மக்கள் கூடும் இடத்தில் தெரு யாருக்கு உரியது என்ற கேள்விக்கு விடை சொல்வது அந்தத் தாளே. 2019-ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் நடைபெற்ற அத்தி வரதர் வைபவத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இம்முறையின் பயனையும் குறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மாட்டு வண்டிக் காலம்

திருவிழாவில் வண்டிகளை ஒதுக்கி நிறுத்துவது புதிய வழக்கமன்று. கூண்டு வண்டி கட்டிக்கொண்டு விழாவுக்கு வந்தவர்கள் ஊருக்கு வெளியே தோப்பிலோ குளக்கரையிலோ வண்டியை அவிழ்த்து, மாட்டுக்கு வைக்கோலும் தண்ணீரும் காட்டிவிட்டு, கோயிலுக்கு நடந்தே சென்றனர். வழிநெடுக அமைந்த சத்திரங்கள் அவர்களுக்குத் தங்குமிடமாயின. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் வழியிலுள்ள சுங்குவார்சத்திரத்தின் பெயரே இந்தப் பழைய ஏற்பாட்டை இன்றும் நினைவூட்டுகிறது. கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகள் தேர் ஓடவும், சுவாமி புறப்பாடு நடக்கவும், மக்கள் கூடி நிற்கவும் அகலமாக விடப்பட்டவை. அவை வண்டி நிறுத்துவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல.

நாற்பது ஆண்டுகளில் மாறியது என்ன?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தினுள் வைக்கப்பட்டுள்ள அத்தி மரத் திருமேனி 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படுகிறது. 1979-இல் நடந்த வைபவத்திற்கு அடுத்தது 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் நடைபெற்றது. ஜூலை மாதம் முழுவதும் சயனக் கோலத்திலும், ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலத்திலும் அத்தி வரதர் காட்சியளித்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தரிசித்ததாக அறிவிக்கப்பட்டது.

1979-இல் பெரும்பாலான மக்கள் பேருந்தையும் ரயிலையும் நம்பியே பயணம் செய்தனர். சொந்தக் கார் வைத்திருந்த குடும்பங்கள் மிகச் சில. 2019-இல் நிலைமை வேறு. இடைப்பட்ட காலத்தில் தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எனத் தொழிற்சாலைப் பகுதி விரிந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. சென்னை–பெங்களூரு சாலை அகலப்படுத்தப்பட்டது. தெற்கிலிருந்து வருவோருக்குச் சிங்கப்பெருமாள்கோயில்–ஒரகடம்–வாலாஜாபாத் சாலையும் பயன்பட்டது. கார் செய்யும் பகுதியாக வளர்ந்த அதே மாவட்டத்தில், அதன் கோயில் நகரத்துக்குள் கார் வராமல் தடுக்க வேண்டிய நிலை உருவானது. நெடுஞ்சாலை அகன்றதே தவிர, சின்னக் காஞ்சிபுரத்தின் தெருக்கள் அகலவில்லை.

2019-இல் செய்யப்பட்ட ஏற்பாடுகள்

வெளியூர் வாகனங்கள் நகருக்குள் நுழையாதவாறு புறப்பகுதிகளில் நிறுத்துமிடங்கள் அமைக்கப்பட்டன. ஒலிமுகமதுபேட்டை, ஓரிக்கை, பச்சையப்பன் ஆடவர் கல்லூரி ஆகிய இடங்களில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் ஏற்படுத்தப்பட்டன. அங்கிருந்து கோயில் அருகே செல்லச் சிற்றுந்துகள் இயக்கப்பட்டன. பொது தரிசனத்துக்கு வந்தவர்கள் கிழக்குக் கோபுரம் வழியாகவும், முக்கியப் பிரமுகர் சீட்டு வைத்திருந்தவர்கள் மேற்குக் கோபுரம் வழியாகவும் அனுமதிக்கப்பட்டனர்.

ஜூலை 18 அன்று கூட்டம் எதிர்பார்த்ததைவிடப் பெருகியது. நெரிசலில் மயங்கி விழுந்தவர்களுள் 4 பேர் உயிரிழந்தனர். இது வாகனங்களால் நேர்ந்ததன்று. வரிசையில் நின்ற மக்களின் நெருக்கத்தால் நேர்ந்தது. ஆனால் வாகனக் கட்டுப்பாடு எதற்காக என்பதை இந்த நிகழ்வே தெளிவாகக் காட்டுகிறது. மயங்கியவரை வெளியே எடுக்கவும், ஆம்புலன்ஸ் உள்ளே வரவும், வரிசையில் நிற்பவர் சற்று ஒதுங்கி மூச்சுவிடவும் காலியிடம் வேண்டும். அந்தக் காலியிடத்தைக் காப்பதே வாகனச் சீட்டின் முதல் வேலை.

ஒரு சிறு கணக்கு

மாணவர்கள் தாமே செய்து பார்க்கக்கூடிய கணக்கு இது. 9 மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்திற்கு 60 பேர் நெருக்கமின்றி நடந்து செல்வதாகக் கொண்டால், அத்தெருவில் நிமிடத்திற்கு 540 பேர் செல்லலாம். ஒரு காரின் அகலம் சுமார் 1.7 மீட்டர். தெருவின் இருபுறமும் கார்கள் நின்றால் 3.4 மீட்டர் குறைந்து, 5.6 மீட்டரே மிஞ்சும். இப்போது நிமிடத்திற்கு 336 பேர் மட்டுமே செல்ல முடியும். மணிக்கு 12,000-க்கும் மேற்பட்டோர் செல்லும் வழி அடைபடுகிறது. தெருவை அடைக்க நூறு கார்கள் தேவையில்லை. எதிரெதிரே இரண்டு நின்றாலே போதும். அந்த இடத்தின் அகலமே தெரு முழுவதன் அளவையும் முடிவு செய்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 50 பேர் ஏறிய ஒரு பேருந்துக்கு ஈடாக, காருக்கு 4 பேர் வீதம் 13 கார்கள் வேண்டும். ஆகவே சீட்டின் எண்ணிக்கையை ‘எத்தனை பேர் கேட்கிறார்கள்’ என்று பார்த்து முடிவு செய்வது தவறு. ‘உள்ளே எத்தனை நிறுத்துமிடம் உண்டு, தெரு எவ்வளவு தாங்கும்’ என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒரே சீட்டு, இரண்டு பொருள்

அனுமதிச் சீட்டுக்கு இரண்டு முகங்கள் உள்ளன. ஒன்று, தேவைக்கான சீட்டு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, குடிநீர் லாரி, குப்பை வண்டி, பிரசாதத்துக்கான பொருள் ஏற்றிவரும் வண்டி, அத்தெருவிலேயே குடியிருப்பவரின் வண்டி, நடக்க இயலாத முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் ஏற்றிவரும் வண்டி ஆகியவை இதில் அடங்கும். மற்றொன்று, தகுதிக்கான சீட்டு. பதவி, செல்வாக்கு, அறிமுகம் ஆகியவற்றால் பெறப்படுவது இது.

முதல் வகைக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. இரண்டாம் வகைக்கு எல்லை கிடையாது. ஒருவருக்குக் கொடுத்தால் அவருக்கு நிகரான இன்னொருவரும் கேட்பார். மறுத்தால் அது அவமதிப்பாகக் கருதப்படும். சீட்டு பெருகப் பெருக, சாலைத் தடுப்பில் நிற்கும் காவலரின் நிலை இக்கட்டாகும். ஒரு காரை மறித்து அடுத்த காரை விடும்போது, நடந்து வருபவர்களுக்கும் விதியின் மேல் உள்ள நம்பிக்கை குறைகிறது.

பிற விழாக்களின் அனுபவம்

1954 பிப்ரவரி 3 அன்று அலகாபாத் கும்பமேளாவில் ஏற்பட்ட நெரிசலில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அதன் பின்னர், முக்கியப் பிரமுகர்கள் பெருநீராடல் நாட்களில் அங்கு வருவதைத் தவிர்க்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. தமிழகத்தில் 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகத்தின்போது குளக்கரையில் ஏற்பட்ட நெரிசலில் சுமார் 50 பேர் உயிரிழந்தனர். முதலமைச்சர் நீராட வந்திருந்த நாள் அது.

2025-இல் பிரயாக்ராஜில் நடந்த மகா கும்பமேளாவில், ஜனவரி 29 மௌனி அமாவாசை அதிகாலையில் நெரிசல் ஏற்பட்டது. முதலில் அறிவிக்கப்பட்ட எண்ணிக்கைப்படி 30 பேர் இறந்தனர். அதற்குப் பிறகே உத்தரப் பிரதேச அரசு விழாப் பகுதியை வாகனமில்லாப் பகுதியாக அறிவித்து, முக்கியப் பிரமுகர்களுக்கான சீட்டுகளை ரத்து செய்தது. முன்பே எடுத்திருக்கக்கூடிய முடிவு உயிரிழப்புக்குப் பின் எடுக்கப்பட்டது.

முன்கூட்டியே திட்டமிட்ட எடுத்துக்காட்டுகளும் உள்ளன. திருவண்ணாமலை கார்த்திகைத் தீபத்தின்போது நகரைச் சுற்றித் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நடப்பவர்களுக்கு விடப்படுகிறது. சபரிமலையில் 2018 ஆகஸ்ட் வெள்ளம் பம்பைக் கரையைச் சிதைத்தபின், அந்தப் பருவத்தில் தனியார் வண்டிகள் நிலக்கல்லிலேயே நிறுத்தப்பட்டு, அங்கிருந்து அரசுப் பேருந்துகள் இயக்கப்பட்டன. ஹஜ் காலத்தில் புனிதத் தலங்களுக்குள் 25 பேருக்குக் குறைவாக ஏறும் சிறு வண்டிகளைச் சவூதி அரசு தடை செய்தது. 2010-இல் அத்தலங்களை இணைக்கும் ரயிலும் ஓடத் தொடங்கியது. இங்கே அளவுகோல் கவனிக்கத்தக்கது. வண்டியில் வருபவர் யார் என்று கேட்கவில்லை. வண்டியில் எத்தனை பேர் வருகிறார்கள் என்றே கேட்டார்கள்.

நல்ல சீட்டு முறைக்கு வேண்டியவை

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து சில பொது விதிகளைத் தொகுக்கலாம்.

1. சீட்டின் எண்ணிக்கை நிறுத்துமிடத்தின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது.
2. ஒவ்வொரு சீட்டிலும் வண்டி எண்ணும், நாளும், நேரமும் இருக்க வேண்டும். பெயரின்றிக் கைமாறும் சீட்டு, எண்ணிக்கையைப் பொய்யாக்கும்.
3. எந்த வகைக்கு எத்தனை சீட்டு வழங்கப்பட்டது என்பதை விழாவுக்கு முன்பே வெளியிட வேண்டும்.
4. சீட்டு இல்லாதவருக்குச் சிற்றுந்து, குடிநீர், நிழல், கழிப்பறை ஆகியவை உறுதியாகக் கிடைக்க வேண்டும். இவை இல்லாமல் வண்டியை மட்டும் தடுப்பது முதியோரையும் குழந்தைகளையும் தண்டிப்பதாகும்.
5. கூட்டம் மிகும் நாட்களில் எந்தத் தகுதிச் சீட்டும் செல்லாது என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

வரவிருக்கும் விழாக்கள்

அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. அத்தி வரதர் மீண்டும் எழுந்தருள்வது 2059-இல். காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் விமான நிலையம் திட்டமிடப்பட்டுள்ளது. தண்டலம் முதல் ஒரகடம் வரை ஆலைகளும் குடியிருப்புகளும் பெருகி வருகின்றன. 2059-இல் வருபவர்களின் எண்ணிக்கையை இன்று கணிக்க முடியாது. ஆனால் மாட வீதியின் அகலம் இன்றே தெரியும். அதைக் கொண்டு கணக்கைத் தொடங்கலாம்.

இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அப்போது ஐம்பது வயதை ஒட்டி இருப்பார்கள். அவர்களுள் சிலர் அதிகாரிகளாகச் சீட்டு வழங்கும் இடத்தில் இருக்கலாம். பலர் பெற்றோரைக் கைப்பிடித்து வரிசையில் நிற்பார்கள். பழங்காலத்தில் தோப்பில் வண்டியை அவிழ்த்துவிட்டு நடந்தவர்களுள் பண்ணையாரும் இருந்தார், கூலியாளும் இருந்தார். அந்தப் பழக்கத்தை விதியாக எழுதி, எல்லோருக்கும் ஒன்றுபோல நடைமுறைப்படுத்துவதே வாகனச் சீட்டு முறையின் உண்மையான நோக்கமாக இருக்க வேண்டும்.