கத்திரி பிடிக்க எதற்கு லைசென்ஸ்?

சில சலூன் வாசல்களில் சிவப்பு, வெள்ளைக் கோடுகளோடு சுழலும் கம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஐரோப்பாவில் முடிதிருத்துபவர்கள் பல் பிடுங்கினார்கள்; வைத்தியமாக ரத்தமும் எடுத்தார்கள். சிவப்பு ரத்தம், வெள்ளை கட்டுத்துணி என்பது வழக்கமான விளக்கம். இங்கிலாந்தில் 1540ல் அறுவை மருத்துவர்களோடு ஒரே சங்கமாகச் சேர்க்கப்பட்டார்கள், 1745ல் பிரிந்தார்கள். நம் தமிழ்நாட்டிலும் முடிதிருத்தும் சமூகத்தாருக்கு 'மருத்துவர்' என்ற பெயர் உண்டு. நாட்டு வைத்தியமும் பிரசவமும் பார்த்தவர்கள் அவர்கள்.

வைத்தியம் போய் முடிவெட்டு மட்டும் மிஞ்சிய பிறகும் சுத்தம் பற்றிய கவலை போகவில்லை. ஒரே கத்தி, ஒரே துண்டு பலர் முகத்தில் பட்டால் தோல்நோய் பரவும். அமெரிக்காவில் 1897ல் மின்னசோட்டா மாநிலம் முதன்முதலாக முடிதிருத்துபவர்களுக்கு லைசென்ஸ் சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. தொழிற்சங்கமும் இதை விரும்பிக் கேட்டது. சுகாதாரம் ஒரு காரணம். குறைந்த கூலிக்கு வெட்டுபவர்களின் போட்டியைக் குறைப்பது இன்னொன்று.

அந்த இரண்டாவது காரணம் சிலரை வாசலிலேயே நிறுத்தியது. டெக்சாஸில் ஐசிஸ் பிராண்ட்லி என்ற கறுப்பினப் பெண்மணி கத்திரியோ ரசாயனமோ இல்லாமல் கையால் முடி பின்னிவந்தார். அழகுக்கலை லைசென்ஸ் இல்லை என்று 1997ல் கைது செய்யப்பட்டார். அந்த லைசென்ஸுக்கு அப்போது 1500 மணி நேரப் படிப்பு வேண்டும். அவர் விடாமல் போராடினார். 2015ல் முடி பின்னுவதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மாநிலமே சட்டத்தை மாற்றியது. அழகுக்கலைப் படிப்பும் பின்னர் 1000 மணி நேரமாகக் குறைந்தது.

நம் ஊரில் உள்ளாட்சி தருவது கடைக்கான தொழில் உரிமம்தான். கத்திரி பிடிப்பவருக்கென்று தனித் தேர்வு கிடையாது. கற்றவர், கற்காதவர் யாரும் தொழிலுக்கு வரலாம், அது நல்லதே. ஆனால் சுத்தத்தைக் கவனிக்கும் பொறுப்பு நாற்காலியில் உட்காரும் நம்மிடமும் வந்துவிடுகிறது. சலூனுக்குப் போனாலும் வீட்டுக்கே வரவழைத்தாலும் மூன்றைப் பாருங்கள்: கண்ணெதிரே பிரிக்கும் புது பிளேடு, துவைத்த துண்டு, கிருமிநாசினியில் கழுவிய சீப்பு. டை அடிப்பதற்கு முன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிச் சோதிக்கச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.